நாலெழுத்து யூனிக்ஸ்

“பி… ஏ… என்… ஐ… சி…” என்று செல்லையா அண்ணாச்சி எழுத்துக் கூட்டிப் படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையில் மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து இன்னொரு தடவை படித்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

“பேனிக்குன்னா பயம்லா? மெஷினு பயந்துபோச்சுன்னு மெஷினே போட்டிருக்கே! ஏம்மா, எதப் பாத்துப் பயந்துச்சு?”

ஆறு மாணவர்கள், ஒரு வாத்தியார். எல்லோரும் வெறுங்காலோடு நின்றோம். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் அந்த ஏ.சி. அறைக்குள் நுழைய வேண்டும். உள்ளங்கால் வழியாகக் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. கீழே பாத்திரக் கடையில் யார் வீட்டுச் சீருக்கோ எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மெஷின் உறுமும்போதெல்லாம் எங்கள் திரையில் இருந்த பச்சை எழுத்துகள் ஒரு நடுக்கம் நடுங்கும். அன்றைக்கு அது பயத்தில் நடுங்குவது போலவே இருந்தது.

ஜெபராஜ் சார் டீ கிளாஸோடு கதவருகே நின்றார். டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது. குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

பக்கத்தில் நின்ற ஜமீலா என் காலை மிதித்தாள். வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

மெஷின் பயந்தது என்னைப் பார்த்துத்தான்.

தட்டச்சில் இருந்து வந்தவர்

செல்லையா அண்ணாச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பாளையங்கோட்டையில் பல வருஷம் தட்டச்சுப் பள்ளி நடத்தியவர். நானும் ஜமீலாவும் கல்லூரி விடுமுறையில் அவரிடம்தான் டைப் அடிக்கக் கற்றோம். விரல்களைப் பார்க்கக் கூடாது என்பதற்காக எங்கள் கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார். முதல் பாடம் ஏ, எஸ், டி, எஃப். அது கை வந்த பிறகுதான் அடுத்த வரிசை. அதற்கு முன்னால் யாராவது மேல்வரிசையைத் தொட்டுவிட்டால் ஸ்கேலால் மேஜையில் ஓர் அடி. ஊரே அதிரும்.

அவருக்கு உலகத்தில் பிடித்த சொல் வரிசை. சோற்றுக்கு முன்னால் ரசம் கேட்பவனைக் கூட அவரால் மன்னிக்க முடியாது.

தொண்ணூறுகளின் நடுவில் தட்டச்சுக்கு ஆள் குறைந்தது. எல்லோரும் கம்ப்யூட்டர் என்றார்கள். அண்ணாச்சி அசரவில்லை. பாதி டைப்ரைட்டர்களை விற்றார். பாத்திரக் கடை மாடியில் ஓர் அறையைக் கண்ணாடித் தடுப்பால் அடைத்தார். மெட்ராசில் இருந்து ஒரு பெரிய மெஷினும் அதோடு கம்பியால் கோத்த மூன்று திரைகளும் வந்து இறங்கின. பல மாதம் தேடி ஒரு வாத்தியாரைப் பிடித்த பிறகு தெற்கு பஜார் முழுக்க நோட்டீஸ் ஒட்டினார்: ‘நெல்லையில் முதன்முறையாக யூனிக்ஸ். ஒழுங்கான, வரிசையான பயிற்சி.’

அந்த வரிசையான என்ற சொல்தான் என்னை இழுத்தது. அதற்கு முன்னால் வேறோர் இடத்தில் ஒரு மாதம் கம்ப்யூட்டர் படித்து, பார்க்குப் போய்த் திரும்பிய மாதிரி வந்திருந்தேன். ஒரு நாள் ஒருவர் வருவார், எதையாவது காட்டுவார், போவார். எதற்கும் தலையும் இல்லை, வாலும் இல்லை.

எனக்கு நேரமும் இல்லை. அப்பா தாலுகா ஆபீசில் வேலை பார்த்தார். கோபப்படாமலே காரியத்தை முடிக்கிற மனிதர். “ஐப்பசி வரைக்கும் பாரு. அதுக்குள்ள ஒரு வேல கெடைச்சா சரி. இல்லன்னா கல்லிடைக்குறிச்சிக்காரங்களுக்கு வரச் சொல்லி எழுதிருவேன்” என்றார். கல்லிடைக்குறிச்சியில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார். போட்டோவில் அவருடைய மீசையை விட அவர் சாய்ந்து நின்ற ஸ்கூட்டர்தான் தெளிவாகத் தெரிந்தது.

சிந்துபூந்துறையில் இருந்து நான் டவுன் பஸ்ஸில் வருவேன். மேலப்பாளையத்தில் இருந்து ஜமீலா ஆட்டோவில் வருவாள். அவள் வாப்பா வளைகுடாவில். அவளுடைய காக்கா, அதாவது அண்ணன், லீவில் வந்தபோது ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதன் மேல் உம்மா ஒரு பூப்போட்ட துணியைப் போர்த்தி, துணி மேல் ஊறுகாய் பாட்டிலை வைத்திருந்தார்கள்.

ஏ என்றால் அட்

வாத்தியார் ஜெபராஜுக்கு எங்களைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ கூட இருக்கும். நாசரேத் பக்கத்துக்காரர். மெட்ராசில் பதினைந்து நாள் யூனிக்ஸ் வகுப்புக்குப் போய்விட்டு வந்திருந்தார். அதில் நான்கு நாள் காய்ச்சல் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவரிடம் ஒரு தலையணை அளவுக்கு ஜெராக்ஸ் கட்டு இருந்தது. யூனிக்ஸ் கட்டளைகள் அத்தனையும் அதில் உண்டு என்றார். உண்மைதான். அகராதி மாதிரி ஏ-யில் தொடங்கி இசட்டில் முடிந்தது. அண்ணாச்சி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மனம் குளிர்ந்து போனாராம். “இதுல்லாவே வரிசை! ஏ முடிச்சுட்டு பி. பி முடிச்சுட்டு சி. ஒரெழுத்து விடக் கூடாது.”

ஆக, யூனிக்ஸை நாங்கள் அகர வரிசையில் படிக்கத் தொடங்கினோம்.

முதல் நாள், முதல் கட்டளை: அட். இன்ன நேரத்துக்கு இன்ன வேலையைச் செய் என்று மெஷினிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது.

“என்ன வேலைய சார் செய்யச் சொல்லணும்?” என்று ஜமீலா கேட்டாள்.

“எந்த வேலைன்னாலும்.”

“எங்களுக்குத்தான் எந்த வேலையும் தெரியாதே சார்.”

ஜெபராஜ் சார் ஜெராக்ஸ் கட்டில் இரண்டு பக்கம் முன்னால் புரட்டிப் பார்த்தார். “அது பொறவு வரும்” என்றார்.

இரண்டாவது கட்டளை ஆக். அதுவே தனியாக ஒரு மொழி என்பது இப்போது தெரியும். அப்போது அது எங்களுக்கு வாந்தி வருகிற சத்தமாக மட்டுமே இருந்தது. பத்து நாள் ஆக். யாருக்கும் ஒரு வரி புரியவில்லை, சாருக்கும் சேர்த்து. பிறகு பி. அதில் பேனர் என்று ஒன்று வந்தது. பேரைக் கொடுத்தால் நட்சத்திரக் குறிகளாலேயே திரை முழுக்கப் பெரிதாக எழுதிக் காட்டும். அந்த வாரம் மட்டும் வகுப்பு களைகட்டியது. ஆறு பேரும் மாறி மாறி எங்கள் பேரையே போட்டுப் பார்த்து ரசித்தோம்.

சி-யில் சி.டி. வந்தது. மெஷினுக்குள் கோப்புகளை வைத்திருக்கும் ஓர் அறையில் இருந்து இன்னோர் அறைக்குள் போவது. போகத் தெரிந்தது. ஆனால் போன இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க எல்.எஸ். வேண்டும். எல் வர இன்னும் மூன்று மாதம். எங்கே நிற்கிறோம் என்று கேட்க பி.டபிள்யூ.டி. வேண்டும். பி.டபிள்யூ.டி. என்றால் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஆற்று மடையைத் திறந்துவிடுகிற ஆபீஸ்தான். ஆக, கரண்டு போன வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பது மாதிரி மெஷினுக்குள் சுற்றினோம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. மெஷினில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பேர் உண்டாக்கலாம். அந்தக் கட்டளை யு-வில் இருந்தது. ஆகவே ஆறு பேரும், சாரும், வாசல் கூட்ட வந்து எட்டிப்பார்க்கிற கோமதியக்காவும் கூட, ரூட் என்ற ஒரே பேரில்தான் உள்ளே போனோம். ரூட் என்றால் மெஷினின் பேர் என்று நினைத்திருந்தோம். மெஷினுக்கே அவர்தான் ராஜா, அவர் எதைச் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் அது செய்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியாது.

திருட்டு யோசனை

டி வந்தது. டேட் முடிந்தது. அன்றைக்கு டி.டி.

ஒரு தட்டில், அதாவது டிஸ்கில், இருப்பதை அப்படியே இன்னொரு தட்டுக்கு நகல் எடுப்பது டி.டி. எங்கிருந்து என்பதற்கு இஃப். எங்கே என்பதற்கு ஆஃப். ஜெபராஜ் சார் பலகையில் ஓர் உதாரணம் எழுதிப் போட்டுவிட்டு, “எழுதிக்கிடுங்க, இந்தா வந்துருதேன்” என்று டீ குடிக்கக் கீழே போனார்.

எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மொத்த யூனிக்ஸையும் ஒரு பிளாப்பியில் நகல் எடுத்துவிட்டால்? ஜமீலா வீட்டில் ஊறுகாய் பாட்டிலுக்குக் கீழே சும்மா இருக்கிற கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம். எல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இஷ்டத்துக்கு எந்தப் பக்கத்தையும் புரட்டிப் படிக்கலாம்.

“ஏட்டி, அம்புட்டு பெரிய மெஷினு இத்துனூண்டு பிளாப்பியில கொள்ளுமா?” என்று ஜமீலா கிசுகிசுத்தாள்.

“கொள்ளுத வரைக்கும் கொள்ளட்டும்.”

கைப்பையில் புது பிளாப்பி ஒன்று வைத்திருந்தேன். சொருகினேன். பலகையைப் பார்த்து அடித்தேன். இஃப் இருக்க வேண்டிய இடத்தில் ஆஃப் போட்டேனா, ஆஃப் இருக்க வேண்டிய இடத்தில் இஃப் போட்டேனா, இன்றைக்கும் சத்தியம் செய்யத் தயாரில்லை. நடந்தது இதுதான்: மெஷினில் இருந்ததைப் பிளாப்பிக்குக் கொண்டுவருவதற்குப் பதிலாக, ஒன்றுமே இல்லாத பிளாப்பியை மெஷினின் தலையில் நகல் எடுத்துவிட்டேன்.

பிளாப்பி விளக்கு எரிந்தது. கர்ரக் கர்ரக் என்று சத்தம் வந்தது. அணைந்தது.

“முடிஞ்சுட்டு” என்றேன் பெருமையாக.

ஐந்து நிமிஷம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது திரையில் இருந்த பையன் எதையோ தட்டினான். எதுவும் வரவில்லை. அடுத்த திரையும் நின்றது. பிறகு பெரிய மெஷினின் திரையில் சடசடவென்று எண்களாக ஓடி, கடைசியில் அந்த ஐந்து எழுத்து வந்து நின்றது.

பழி

அப்புறம் நடந்ததைத்தான் முதலில் சொன்னேன். அண்ணாச்சி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“இன்னும் பன்னெண்டு நாள்ல பஸ் கம்பெனிக்காரவுக வருதாவ. அவுக ஆபீசுல யூனிக்ஸ் மெஷின் வாங்கிப் போட்டிருக்காவ. நம்ம பிள்ளைகள்ல ஒரு ஆள வேலைக்கு எடுக்கப் போறாவ. அவுக வாற நேரத்துல இது இப்பிடிக் கெடந்தா? யாரு செஞ்சது? செஞ்சவுக இப்பமே வீட்டுக்குப் போயிரலாம்.”

வேலை, ஐப்பசி, ஸ்கூட்டர், எல்லாம் ஒன்றாகக் கண்ணில் வந்தன. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஜெபராஜ் சார் டீ கிளாஸை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

“நாந்தான் அண்ணாச்சி. பலகையில தப்பா எழுதிட்டேன் போல.”

“நீரா!” அண்ணாச்சி ஸ்கேலைத் தேடினார். கிடைக்கவில்லை. “மெஷினு எந்திரிச்சா நீரும் இருப்பீரு. எந்திரிக்கலன்னா நாசரேத்துக்கு பஸ் ஏறும்வே.”

மறுநாள் காலை படிக்கட்டில் ஜெபராஜ் சாரை மறித்து உண்மையைச் சொன்னேன். அவர் முகத்தில் முதலில் நிம்மதி வந்தது. பலகையில் சரியாகத்தான் எழுதியிருக்கிறோம் என்ற நிம்மதி. பிறகு கோபம் வந்தது. பிறகு அக்கம்பக்கம் பார்த்தார்.

“இப்ப சொல்லிராதீங்க சிவகாமி. சொன்னா நீங்களும் போவீங்க, எல்லாரையும் ரூட்டா உள்ள விட்டதுக்கு நானும் போவேன். மொதல்ல மெஷின எழுப்புவோம்.”

எனக்கு அது மிகவும் வசதியாக இருந்தது. சரி என்றேன்.

சந்தனம் பூசிய பெட்டி

மெஷினை விற்ற கம்பெனிக்கு அண்ணாச்சி மெட்ராசுக்கு போன் போட்டார். ஆள் அனுப்ப அடுத்த மாதம் ஆகும் என்றார்கள். ‘பெட்டியில் பிளாப்பிகள் கொடுத்திருக்கிறோமே, அதை வைத்து நீங்களே மறுபடி போட்டுக்கொள்ளலாமே’ என்றார்களாம்.

பெட்டி இருந்தது. மெஷினோடு வந்த அட்டைப் பெட்டி, மேலே ஒட்டிய டேப் கூடப் பிரிக்காமல் அண்ணாச்சியின் பீரோவில். போன வருஷச் சரஸ்வதி பூசைக்கு மெஷினுக்கு வைத்தது போக மிச்சச் சந்தனத்தையும் குங்குமத்தையும் அந்தப் பெட்டிக்கும் வைத்திருந்தார். சாவி அவர் இடுப்பில்.

“அதப் பிரிக்கக் கூடாதுவே. பிரிச்சுக் கெட்டுப்போச்சுன்னா? பூசையில வச்ச பொருளு வேற.”

ஜெபராஜ் சார் கெஞ்சினார். நான் கெஞ்சினேன். அண்ணாச்சி அசையவில்லை. அப்போது ஜமீலா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டுமா? பூசைக்கு வச்ச பொஸ்தகத்த மறுநா காலையில எடுத்துப் படிக்கணும், படிக்காம இருக்கக் கூடாதுன்னு சிவகாமி வீட்டுல சொல்லுவாவ. நானே போயி சுண்டல் தின்னுருக்கேன். நீங்க என்னன்னா பூசையில வச்சத வருஷம் பூரா எடுக்காமலே வச்சிருக்கிய. இது சரியா?”

அண்ணாச்சி பீரோவை ஒரு தரம் பார்த்தார். இடுப்பில் இருந்து சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, “நியாயமாத்தான் கேக்குத” என்றார்.

பெட்டிக்குள் நாற்பதுக்கு மேல் பிளாப்பிகள். எல்லாவற்றிலும் எண் போட்டிருந்தது. கூடவே மெல்லியதாக ஒரு கையேடு. முதல் பிளாப்பியே உள்ளே போகவில்லை. சந்தனம் அட்டையில் ஊறி உள்ளே இறங்கி, அதன் தகரக் கதவை ஒட்டிக் காய்ந்திருந்தது. என் கொண்டையூசியை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பைய பையச் சுரண்டினேன். பிளாப்பியில் இருந்து சந்தன வாசம் அடித்தது. கதவு நகர்ந்தது. மெஷின் அதை விழுங்கி, ஒரு நிமிஷம் யோசித்து, இரண்டாவதைக் கேட்டது.

எங்கள் மூன்று பேருக்கும் அப்போது வந்த சிரிப்பைப் பார்த்து அண்ணாச்சி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

மெஷின் கேட்ட கேள்விகள்

இரண்டு பகல் ஆயிற்று. மற்ற நான்கு பேரும் முதல் நாளே சலித்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒவ்வொரு பிளாப்பிக்கும் நடுவில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இடையிடையே மெஷின் கேள்வி கேட்கும். தட்டை எப்படிப் பிரிக்க? தலைவருக்கு என்ன ரகசியச் சொல்? வேறு யார் யார் வருவார்கள், அவர்களுக்கு எந்த இடம்?

கையேட்டைப் பார்த்துப் பார்த்து ஜெபராஜ் சார் பதில் சொன்னார். ரூட் என்பவர் யார் என்று படித்தபோது மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். “யா அல்லா, கோமதியக்கா கூடவா ராஜா!” என்றாள் ஜமீலா.

அவள் ஒரு நீளமான நோட்டில் மெஷின் கேட்ட கேள்விகளை எல்லாம் கேட்ட வரிசையிலேயே எழுதிக்கொண்டு வந்தாள். முப்பதாவது பிளாப்பி ஓடும்போது நோட்டைத் தூக்கி என் மடியில் போட்டாள்.

“ஏட்டி, இதப் பாரு. இதுல்லா வரிசை. நம்ம படிச்சதெல்லாம் என்னத்த? ஒருத்தி ஒரு வீட்டுக்குப் புதுசா வாக்கப்பட்டுப் போறா. போன ஒடன என்ன பாப்பா? இது யாரு வீடு, நான் எங்கன நிக்கேன், வீட்டுல யார் யார் இருக்காவ, அடுப்பு எங்க, அரிசி எங்க. எந்த பீரோவ நான் தொறக்கலாம், எதத் தொடக் கூடாது. இதத்தான பாப்பா? அந்த வீட்டுல உள்ள சாமானயெல்லாம் அகர வரிசையில ஒப்பிச்சுக்கிட்டா நிப்பா?”

ஜெபராஜ் சார் சிரிக்கவில்லை. சாக்பீஸை எடுத்துப் பலகையைத் துடைத்தார். “சொல்லுங்க, எழுதுவோம்” என்றார்.

அன்று மதியத்தில் இருந்து மூன்று பேருமாகச் சேர்ந்து பாடம் அமைத்தோம். நான் யார், எங்கே நிற்கிறேன், இங்கே என்ன இருக்கிறது என்பது முதல் பாடம். ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடம் போவதும் திரும்பி வருவதும் அடுத்தது. கோப்பைப் பார்ப்பது, நகல் எடுப்பது, பேர் மாற்றுவது, எதற்கு யாருக்கு உரிமை என்பது பிறகு. அழிப்பது எல்லாவற்றுக்கும் பிறகு. டி.டி.யை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அந்தப் பக்கத்தைப் பின் போட்டு மூடினோம். ஆக்? அது வேண்டவே வேண்டாம் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

நான் ஒரு விதி சேர்த்தேன். எதற்குள் நுழைந்தாலும் எப்படி வெளியே வருவது என்பதை நுழைவதற்கு முன்பே படிக்க வேண்டும். யூனிக்ஸில் எழுதுவதற்கு வி.ஐ. என்று ஒன்று உண்டு. அதற்குள் போய்விட்டு ஜெபராஜ் சார் முக்கால் மணி நேரம் வெளியே வர முடியாமல் வியர்த்ததைப் பார்த்த பிறகு சேர்த்த விதி அது.

மிச்சமிருந்த நாட்களில் திரும்பி வந்த நான்கு பேருக்கும் அந்த நோட்டைத்தான் நடத்தினோம். மெஷினில் ஆறு பேருக்கும் தனித்தனிப் பேர். முதன்முதலாக எல்.எஸ். அடித்து, உள்ளே இருப்பதெல்லாம் வரிசையாகத் திரையில் வந்து நின்றபோது, லைட் போட்ட மாதிரி இருந்தது. இத்தனை நாளாக நாங்கள் முட்டிக்கொண்ட சுவரெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது.

மூன்று நாளாக வெளியே வராதவர்

பஸ் கம்பெனி மேனேஜர் வந்தார். அண்ணாச்சி மாலையெல்லாம் வாங்கி வைத்திருந்தார். மேனேஜருக்கு மாலையில் அக்கறை இல்லை.

“பரீட்சையெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. எங்க தச்சநல்லூர் டெப்போ ஸ்டோர்ல ஒரு ஆளு மூணு நாளா மெஷினுக்குள்ள மாட்டிக்கிட்டுக் கெடக்காரு. வெளிய வர முடியல. அவர யாரு எடுத்து விடுதாவளோ அவுகளுக்கு வேல.”

எங்கள் ஆறு பேரில் அந்த டெப்போவுக்கு வர ஒப்புக்கொண்டது நானும் ஜமீலாவும் மட்டும். மற்றவர்கள் ‘மாட்டிக்கிட்டு’ என்றதும் கரண்டு அடித்துவிட்டதாக நினைத்துப் பின்வாங்கினார்கள்.

டெப்போவில் டீசலும் ரப்பரும் கலந்த வாடை. டயர்கள் அடுக்கிய ஒரு மூலையில் ஒரு திரை. அதன் முன்னால் ஸ்டோர் கீப்பர் சுப்பையா, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார்.

“எல்லா சாமான் பேரும் அடிச்சுட்டேம்மா. எழுநூறு அயிட்டம். முடிச்சுட்டு வெளிய வரலாம்னா விடவே மாட்டேங்குது. போன தடவ சுவிட்ச அமத்தினேன். அடிச்சது பூரா போச்சு. அதான் தொடாம காவல் இருக்கேன்.”

திரையைப் பார்த்தோம். வி.ஐ.யேதான். பேரிங், பிரேக் லைனிங், ஃபேன் பெல்ட் என்று ஒழுங்காக வந்த பட்டியலின் கடைசியில் அவர் வெளியே வர முயன்ற வரலாறு முழுக்கப் பதிந்திருந்தது. குவிட் என்று ஆங்கிலத்தில் ஒன்பது தடவை. எக்ஸிட் ஆறு தடவை. ஸ்டாப், க்ளோஸ், பை. அதற்கும் கீழே ‘ப்ளீஸ்’. எல்லாவற்றுக்கும் கடைசியில் ‘முருகா’ என்று ஆங்கில எழுத்தில்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விதியைச் சேர்த்தவளே நான்தான். வெளியே வருவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. முன்னால் குனிந்து, எஸ்கேப்பை அமுக்கி, வெளியேறும் கட்டளையை, ஆச்சரியக்குறி வரை, படபடவென்று அடித்தேன். என்டர் மட்டும் பாக்கி. மேனேஜர் பார்க்கிறாரா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

ஜமீலா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். கண்ணாடி வளையல் உடைந்து கீழே விழுந்தது.

“சேமிக்காம வெளிய வாறியே! எழுநூறும் போயிரும்லா?”

என் கையை விலக்கிவிட்டு, நான் அடித்ததை அழித்தாள். முதலில் சேமித்தாள். பிறகு அந்தக் குவிட்களையும் பைகளையும் ஒவ்வொரு வரியாக நீக்கினாள். முருகாவில் வந்ததும் நின்று, சுப்பையாவைப் பார்த்து, “இத வச்சுக்கிடவா அண்ணே?” என்று கேட்டாள்.

“இருக்கட்டும்மா” என்றார் சுப்பையா. கண் கலங்கியிருந்தது.

வேலை ஜமீலாவுக்குப் போனது. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. டவுன் பஸ்ஸில் திரும்பி வரும்போது கொக்கிரகுளம் பாலத்தில் ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷமாக இருந்தது என்று எழுத ஆசைதான். அந்த நிமிஷம் அவளை ஜன்னல் வழியாகத் தள்ளிவிடலாம் போல இருந்தது. பாலம் முடிந்து ஒரு பெரிய கல்யாண மண்டபத்தைத் தாண்டும்போது கொஞ்சம் அழுதேன். அவளும் அழுதாள். அதற்கப்புறம் சரியாகிவிட்டது.

ஜெபராஜ் முறை

பஸ் கம்பெனி ஆளை எடுத்த செய்தி பரவியதும் அண்ணாச்சியின் மாடியில் கூட்டம் கூடியது. ஜெபராஜ் சார் ஒருவரால் சமாளிக்க முடியவில்லை. பெண்கள் வகுப்புக்கு என்னை வாத்தியாராகப் போட்டார் அண்ணாச்சி. அப்பாவிடம் சொன்னேன். அவர் காலண்டரைப் பார்த்தார், ஐப்பசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. “சரி, எழுத வேண்டாம்” என்றார். கல்லிடைக்குறிச்சி ஸ்கூட்டர் வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு போனது.

ஜமீலாவின் நோட்டையே பாடமாக நடத்தினோம். அப்போதுதான் புது நோட்டீஸ் அச்சாகி வந்தது. தெற்கு பஜார் சுவரில் பசை காய்வதற்குள் நின்று படித்தேன்.

‘மெஷினை முழுவதுமாக அழித்து, அடிப்படையில் இருந்து மறுபடி எழுப்பிக் காட்டிப் பாடம் நடத்தும் ஒரே நிலையம். ஜெபராஜ் முறை.’

மாடிக்கு ஏறி, மேஜையில் கிடந்த கட்டில் இருந்து ஒரு நோட்டீஸை உருவி ஜெபராஜ் சாரிடம் நீட்டினேன்.

“இது என்ன சார்? அழிச்சது நான். வரிசை ஜமீலாவோடது. பேரு உங்களோடதா?”

அவர் சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டார். “நான் கேக்கலயே சிவகாமி, அண்ணாச்சியா போட்டாரு. அன்னைக்குப் பழி வந்தப்ப நான் வாங்கிக்கிட்டேன், நீங்க பேசாம இருந்தீங்க. இன்னைக்குப் பேரு வருது. ரெண்டும் ஒரே பார்சல்தான?”

நோட்டீஸை மடித்துக்கொண்டேன். நேரே அண்ணாச்சியிடம் போனேன். அன்று முதல் நெஞ்சில் இருந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். பிளாப்பி, திருட்டு யோசனை, இஃப், ஆஃப், எல்லாம். மெஷினை அழித்தது நான்தான் அண்ணாச்சி, சார் இல்லை, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“ஏம்மா, அவன் பேரு நோட்டீஸ்ல வந்தது ஒனக்குப் பொறுக்கலயோ?”

“இல்ல அண்ணாச்சி, நெசமாவே நாந்தான்…”

“அந்தப் பய அம்புட்டு பேரு முன்னாடி நின்னு ‘நாந்தான்’னு ஒத்துக்கிட்டான். அன்னைக்கு வாயத் தொறக்காதவ இன்னைக்கு வந்து நாந்தான்னா? போம்மா, போயி கிளாஸ் எடு. பொறாம ஆகாது.”

சாயந்தரம் பஸ் ஸ்டாப்பில் ஜமீலா எனக்காக நின்றிருந்தாள். டெப்போவில் இருந்து நேரே வந்திருந்தாள், கைக்குட்டையில் கிரீஸ். நடந்ததைச் சொன்னேன். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு பஸ் போகிற வரைக்கும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளுக்கே உரிய அந்த நிதானமான குரலில் சொன்னாள்:

“அவர நம்ப வைக்க ஒரே வழிதான் இருக்கு ஏட்டி. இன்னொரு தடவ பண்ணிக் காட்டு.”

மூன்றாவது பஸ் வரும்வரை அதைப் பற்றி நான் உண்மையாகவே யோசித்தேன்.